சார்ட்டர் பள்ளி: முன்வாசலில் குலுக்கல், கொல்லைவாசலில் என்ன?

"அண்ணா, பையனோட ஸ்கூல்ல கூப்பிட்டுப் பேசினாங்க. அவனுக்கு இன்னும் நல்லா ஒத்து வர்ற ஸ்கூல் பக்கத்துலயே இருக்காம். இப்பவே மாத்திட்டா அவனுக்குத்தான் நல்லதுன்னு சொல்றாங்க. இது நம்ம ஊர்ல டி.சி.யக் கையில குடுக்கற மாதிரியா, இல்ல நெசமாவே அக்கறையில சொல்றாங்களா?"

கலிபோர்னியாவில் சான் ஹோசே பக்கம் குடியிருக்கும் ஒரு பெண், ஒரு ஜனவரி மாதம் என்னிடம் தொலைபேசியில் கேட்டது இது. பையன் மூன்றாம் வகுப்பு, சார்ட்டர் பள்ளி. முதன்முதலில் குலுக்கலில் அவன் பெயர் வந்த அன்று அவர்கள் வீட்டில் பாயசம் வைத்தார்கள். எனக்கும் ஒரு டம்ளர் வந்தது. சில ஆண்டுகள் கழித்து, எழுத்துக்கூட்டிப் படிப்பதில் பின்தங்கியிருக்கிறான், வகுப்பில் ஓரிடத்தில் உட்கார மாட்டேன் என்கிறான் என்று பள்ளியில் பேச்சு தொடங்கியிருக்கிறது.

அக்கறையோ இல்லையோ, அப்படிச் சொல்ல அந்தப் பள்ளிக்குச் சட்டத்தில் இடமில்லை என்றேன். "வாயால சொல்றதுக்குக்கூடவா சட்டம்?" என்று கேட்டாள். ஆமாம், அதற்கும் சட்டம் இருக்கிறது. அது எப்படி வந்தது, எதைத் தடுக்கிறது, எதைத் தடுக்க முடியாமல் நிற்கிறது என்பதை அன்று போனில் முழுதாகச் சொல்ல முடியவில்லை. அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவும் இதே கேள்வியோடு இருப்பதால் இங்கே எழுதுகிறேன்.

சார்ட்டர் பள்ளி என்பது என்ன?

நம் ஊரின் அரசு உதவி பெறும் பள்ளியை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும். பணம் அரசுடையது, நடத்துவது வேறொருவர். கட்டணம் கிடையாது. மதம் சார்ந்து நடத்தக் கூடாது. மீதிப் பாதி, 'சார்ட்டர்' என்ற சொல்லிலேயே இருக்கிறது. அது ஒரு பட்டயம், அதாவது கால வரம்புள்ள ஒப்பந்தம். ஒரு குழு, உள்ளூர்ப் பள்ளி மாவட்டத்திடமோ (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு; இனி 'மாவட்டம்' என்பது அதுதான்) அதற்கு மேலுள்ள கவுண்டி கல்வி வாரியத்திடமோ போய், 'நாங்கள் இப்படி இப்படி நடத்துவோம், இன்ன விளைவைக் காட்டுவோம்' என்று எழுதிக் கொடுக்கிறது. அவர்கள் ஒப்புக்கொண்டால் பெரும்பாலும் ஐந்து ஆண்டுக்குப் பட்டயம் கிடைக்கும். கெடு முடியும்போது கணக்குப் பார்ப்பார்கள். சரியில்லை என்றால் புதுப்பிக்க மாட்டார்கள். பதிலுக்கு, மற்ற அரசுப் பள்ளிகளைக் கட்டும் விதிகளில் பலவற்றிலிருந்து இந்தப் பள்ளிக்கு விலக்கு உண்டு. பாடத்திட்டம், பள்ளி நேரம், ஆசிரியர் நியமனம் இவற்றில் அதற்குக் கை அவிழ்த்துவிட்ட சுதந்திரம்.

இந்த யோசனையைப் பரவலாக்கியவர்களில் ஒருவர் ஆசிரியர் சங்கத் தலைவரான ஆல்பர்ட் ஷாங்கர். 1988இல் அவர் இதைப் பற்றிப் பேசினார். முதல் சட்டம் மினசோட்டாவில் 1991இல் வந்தது. மறு ஆண்டு செயின்ட் பால் நகரில் முதல் சார்ட்டர் பள்ளி திறந்தது. அதே 1992இல் இரண்டாவதாகச் சட்டம் இயற்றிய மாநிலம் கலிபோர்னியா. இன்று அங்கே மட்டும் 1,200க்கும் மேற்பட்ட சார்ட்டர் பள்ளிகளில் ஏறத்தாழ 7 லட்சம் பிள்ளைகள் படிக்கிறார்கள். நெப்ராஸ்கா, தெற்கு டகோட்டா, வெர்மான்ட் போன்ற மிகச் சில மாநிலங்களைத் தவிர எல்லா இடத்திலும் இதற்கெனச் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அதனால் நியூ ஜெர்சியில் இருக்கும் அக்கா சொன்னதை டெக்சாஸில் இருப்பவர் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இங்கே நான் பெரும்பாலும் கலிபோர்னியாவை வைத்தே பேசுகிறேன்.

ஏன் சேர்க்கைக்கு மட்டும் இவ்வளவு கெடுபிடி?

பாடத்திலும் நேரத்திலும் சுதந்திரம் கொடுத்த அரசு, எந்தப் பிள்ளையைச் சேர்ப்பது என்பதில் மட்டும் கையை இறுக்குகிறது. காரணம் எளிது. சார்ட்டர் பள்ளியின் ஆயுள், தேர்வு முடிவில் தொங்குகிறது. அந்த முடிவை உயர்த்த இரண்டு வழிகள் உண்டு. நன்றாகச் சொல்லிக்கொடுப்பது ஒன்று. அது கடினம், காலம் பிடிக்கும். ஏற்கெனவே நன்றாகப் படிக்கிற பிள்ளைகளாகப் பார்த்து வைத்துக்கொள்வது மற்றொன்று. அதற்கு ஒரு செலவும் இல்லை. இரண்டாவது வழியை அடைத்தால்தான் முதல் வழியில் பள்ளி நடக்கும்.

அதோடு, பணமும் தலைக்கு இவ்வளவு என்று வருகிறது. காது கேளாத பிள்ளைக்கோ, ஆங்கிலம் தெரியாமல் நேற்று வந்திறங்கிய பிள்ளைக்கோ ஆகும் செலவு அதிகம். சிறப்புக் கல்விக்குத் தனி நிதி உண்டு என்றாலும், அது முழுச் செலவுக்குப் போதாது என்பது எல்லாப் பள்ளிகளின் குறை. மாவட்டப் பள்ளி அந்தப் பிள்ளையைத் தட்டிக்கழிக்க முடியாது, முகவரி அதன் எல்லைக்குள் இருந்தால் எடுத்தே ஆக வேண்டும். சார்ட்டர் பள்ளிக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது. ஆகவே சட்டம்தான் அந்தப் பொறுப்பைச் சுமத்த வேண்டியிருக்கிறது.

பெற்றோர் பள்ளியைத் தேர்ந்தெடுக்கலாம், பள்ளி பிள்ளையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. சேர்க்கை, மாற்றம் பற்றிய எல்லா விதிகளும் இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கின்றன.

முன்வாசல்

கலிபோர்னியாவின் கல்விச் சட்டத் தொகுப்பில் 47605ஆம் பிரிவு இதற்கு அடிப்படை. சேர விரும்பும் எல்லாப் பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும் என்கிறது. மாநிலத்துக்குள் எந்த ஊரில் குடியிருந்தாலும் விண்ணப்பிக்கலாம். ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்தின் அரசுப் பள்ளிக்குப் போவதென்றால் மாவட்ட இடமாற்ற அனுமதிக்கு அலைய வேண்டியிருக்கும். சார்ட்டருக்கு அது தேவையில்லை. பழைய அரசுப் பள்ளி ஒன்று சார்ட்டராக மாறியிருந்தால் மட்டும், முன்பு அந்தப் பள்ளியின் எல்லைக்குள் இருந்த பிள்ளைகளுக்கு முன்னுரிமை தர வேண்டும்.

இடத்தைவிட ஆள் அதிகமானால் பொதுவில் குலுக்கல் நடத்த வேண்டும். மதிப்பெண்ணோ நேர்காணலோ முதலில் வந்தவருக்கு முதலில் என்ற வரிசையோ கூடாது. தமிழ்நாட்டில் தனியார் பள்ளிகளின் 25 விழுக்காடு இடத்துக்குக் கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ்க் குலுக்கல் நடக்கும்போது பெற்றோர் வயிற்றில் நெருப்போடு நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது. இங்கே பெரும்பாலும் கணினி குலுக்கிப் போடுகிறது, வசந்த காலத்தில் மின்னஞ்சலில் எண் வருகிறது, அவ்வளவுதான் வேறுபாடு.

குலுக்கல் என்றாலும் எல்லாச் சீட்டும் ஒரே எடை இல்லை. ஏற்கெனவே அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளை குலுக்கலுக்கே வர வேண்டாம். மாவட்டத்துக்குள் குடியிருப்பவருக்கு முன்னுரிமை. படிக்கிற பிள்ளையின் உடன்பிறந்தவர்கள், ஆசிரியர்களின் பிள்ளைகள் என்று வேறு சில முன்னுரிமைகளையும் பட்டயம் வழங்கிய அமைப்பு பொது விசாரணை வைத்து ஒப்புக்கொண்டால் சேர்க்கலாம். உடன்பிறந்தோர் முன்னுரிமை குடும்பத்துக்குப் பெரிய நிம்மதி என்பதில் ஐயமில்லை. ஆனால் சிறிய பள்ளியில் மழலையர் வகுப்பின் பாதி இடத்தை அதுவே நிரப்பிவிடலாம். வெளியிலிருந்து முதல் பிள்ளையோடு வருபவருக்கு விழும் சீட்டு அவர் நினைப்பதைவிடக் குறைவு. விண்ணப்பிக்கும் முன், 'போன ஆண்டு உடன்பிறந்தோர் போக எத்தனை இடம் மிஞ்சியது?' என்று பள்ளியிடம் கேளுங்கள். கேட்கத் தகுந்த கேள்வி.

முன்னுரிமைக்கு ஒரு வேலி உண்டு. மாற்றுத்திறன் உள்ளவர்கள், படிப்பில் பின்தங்கியவர்கள், ஆங்கிலம் கற்றுக்கொண்டிருப்பவர்கள், வீடற்றவர்கள், வளர்ப்புப் பராமரிப்பில் இருப்பவர்கள், ஏழைகள் ஆகியோரின் வாய்ப்பைக் குறைக்கும் எந்த முன்னுரிமையும் செல்லாது. பெற்றோர் பள்ளிக்கு இத்தனை மணி நேரம் உழைப்புத் தர வேண்டும் என்று நிபந்தனை போடவும் கூடாது. விசாவைப் பற்றிய பயம் நம்மவர்களுக்கு நிறைய உண்டு என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: குடியேற்ற ஆவணம் இல்லாத பிள்ளைக்கும் அரசுப் பள்ளியை மறுக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1982இலேயே தீர்ப்பளித்துவிட்டது. சார்ட்டரும் அரசுப் பள்ளியே.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் நடந்தது வேறு. தெற்குக் கலிபோர்னியாவின் ஏசிஎல்யூ என்ற குடிமை உரிமை அமைப்பும் பப்ளிக் அட்வகேட்ஸ் என்ற சட்ட அமைப்பும் 2016இல் மாநிலத்தின் சார்ட்டர் பள்ளிகள் வெளியிட்டிருந்த சேர்க்கை விதிகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தன. 253 பள்ளிகளில், அதாவது மாநிலத்தின் சார்ட்டர் பள்ளிகளில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல், சட்டத்துக்கு முரணான நிபந்தனை இருந்தது. குறைந்தபட்ச மதிப்பெண், விண்ணப்பத்தோடு கட்டுரை, சேர்க்கைக்கு முன் நேர்காணல், பெற்றோரின் கட்டாய உழைப்பு என்று பலவகை. இவை யாரோ ஒளித்து வைத்த ரகசியங்களில்லை, பள்ளிகளே ஊரறியப் போட்டு வைத்திருந்த விதிகள். சுட்டிக்காட்டிய பின் பல பள்ளிகள் திருத்திக்கொண்டன. விதி இருந்தால் போதாது, அதைப் படித்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. பெற்றோர் உழைப்பு நேரத்தைத் தடுக்கும் விதி அதன் பின் 2017இல் ஏபி 1360 என்ற சட்டத்தால் வந்தது.

குலுக்கலுக்கு முன்பே வடிகட்டும் இடம் ஒன்று உண்டு. பீட்டர் பெர்க்மன், ஐசக் மெக்ஃபார்லின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 6,452 பள்ளிகளுக்குப் பெற்றோர் எழுதுவது போல மின்னஞ்சல் அனுப்பினார்கள். 'என் பிள்ளையைச் சேர்க்க என்ன செய்ய வேண்டும்?' என்பதுதான் கேள்வி. சிலவற்றில் கூடுதலாக ஒரு வரி: பிள்ளைக்குச் சிறப்புக் கல்வி தேவை, அல்லது நடத்தையில் சிக்கல் உண்டு, அல்லது மதிப்பெண் குறைவு. அந்த வரி இருந்த கடிதங்களுக்குப் பதில் குறைந்தது. பெருமளவு சிறப்புக் கவனிப்பு தேவைப்படும் பிள்ளை என்று தெரிந்தபோது சார்ட்டர் பள்ளிகளின் பதில்தான் மாவட்டப் பள்ளிகளைவிட அதிகம் குறைந்தது. 'வேண்டாம்' என்று எழுதவே தேவையில்லை, பதில் போடாமல் இருந்தாலே போதும். அப்படி நின்றுபோன ஒரு குடும்பம் எந்தக் குலுக்கல் கணக்கிலும் வராது.

கலிபோர்னியா 2019இல் எஸ்பி 75 என்ற சட்டத்தில் இதைத் தொட்டது. எந்தக் காரணத்துக்காகவும் ஒரு பிள்ளை சேர்வதைப் பள்ளி ஊக்கம் குலைக்கக் கூடாது. சேர்க்கைக்கு முன் பிள்ளையின் பழைய பதிவேடுகளைக் கேட்கவும் கூடாது. ஆகவே குலுக்கலுக்கு முன்பே 'ரிப்போர்ட் கார்டும் ஐஇபியும் இணைத்து அனுப்புங்கள்' என்று ஒரு விண்ணப்பம் கேட்டால் அது தவறு. ஐஇபி என்பது சிறப்புக் கல்வி பெறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுதப்படும் தனித் திட்டம். சேர்ந்த பிறகு அதைக் கொடுத்தே தீர வேண்டும், ஏனென்றால் புதுப் பள்ளி முதல் நாளிலிருந்தே அதற்கு ஈடான உதவியைச் செய்யக் கடமைப்பட்டது. முன்பா பின்பா என்பதில்தான் உரிமை முழுவதும் இருக்கிறது.

ஊர் முழுக்க ஒரே விண்ணப்பம்

இதே முன்வாசலை நியூ ஆர்லியன்ஸ் வேறு விதமாகக் கட்டியது. 2005இல் கத்ரீனா புயலுக்குப் பிறகு அந்த நகரத்தின் பள்ளிகள் கிட்டத்தட்ட எல்லாமே சார்ட்டராக மாறின. முதல் சில ஆண்டுகள் பெற்றோர் ஒவ்வொரு பள்ளியாக ஏறி இறங்கி, தனித்தனித் தாள், தனித்தனிக் கெடு என்று அல்லாடினார்கள். கார் இல்லாத பாட்டி ஒருத்தி நான்கு பேரப்பிள்ளைகளுக்கு இதைச் செய்வதை எண்ணிப் பாருங்கள்.

2012இல் ஒன்ஆப் என்ற பொது விண்ணப்பம் வந்தது. விரும்பும் பள்ளிகளை வரிசைப்படுத்தி ஒரே தாளில் எழுதிக் கொடுத்தால், கணினி எல்லாப் பிள்ளைகளையும் எல்லாப் பள்ளிகளையும் ஒன்றாக வைத்துப் பொருத்தும். இதன் பின்னால் இருப்பது, ஆல்வின் ராத்துக்கும் லாய்ட் ஷாப்லிக்கும் அதே 2012இல் பொருளாதார நோபல் பரிசைப் பெற்றுத் தந்த பொருத்தக் கோட்பாடு. பெற்றோர் சூது பார்க்க வேண்டியதில்லை, உண்மையாகப் பிடித்த பள்ளியை முதலில் எழுதினாலே போதும் என்பது அதன் அழகு. 'முதல் இடத்தில் கஷ்டமான பள்ளியைப் போட்டால் எல்லாம் போய்விடும்' என்ற பயத்துக்கு அங்கே வேலையில்லை. வாஷிங்டன், டென்வர் நகரங்களிலும் இப்படிப் பொதுக் குலுக்கல் உண்டு.

எனக்கு இதில் பிடித்த பகுதி கணிதம் இல்லை. பிள்ளையை யார் சேர்க்கிறார்கள் என்ற கேள்வியைப் பள்ளியின் மேசையிலிருந்தே எடுத்துவிட்டார்கள் என்பதுதான். முதல்வர் நினைத்தாலும் தெரிந்தவர் பிள்ளையை நடுவில் செருக முடியாது. கல்வி ஆண்டு தொடங்கிய பின் பள்ளி மாற வேண்டுமென்றால் மருத்துவம், பாதுகாப்பு போன்ற காரணத்தைக் காட்டி, பொதுச் சேர்க்கையை நடத்தும் அலுவலகத்திடம் அனுமதி பெற வேண்டும். பள்ளியும் பெற்றோரும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ள முடியாது. அதே 2012இல் பிள்ளையை வெளியேற்றும் விசாரணையையும் தனிப் பள்ளிகளிடமிருந்து எடுத்து ஒரே அலுவலகத்திடம் கொடுத்தார்கள். முன்வாசலுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு கொல்லைவாசலைத் திறந்து வைத்தால் பயனில்லை என்று அவர்களுக்குப் புரிந்திருக்கிறது.

கொல்லைவாசல்

நான் அதிகம் கவலைப்படுவது இங்கேதான். குலுக்கல் ஆண்டுக்கு ஒரு நாள் நடக்கிறது. பிள்ளை வெளியே போவது மற்ற எல்லா நாளும் நடக்கலாம், பெரும்பாலும் சத்தமில்லாமல்.

2015இல் நியூயார்க் டைம்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. புரூக்ளினில் ஒரு சார்ட்டர் பள்ளியில் 16 பிள்ளைகளின் பெயரோடு ஒரு பட்டியல் இருந்தது. அதன் தலைப்பு, 'போயாக வேண்டியவர்கள்' என்ற பொருள்பட இருந்தது. அது தவறு என்று அந்த நிறுவனமே பின்னர் ஒப்புக்கொண்டது. சின்னஞ்சிறு பிள்ளைகளின் பெயரை ஒருவர் உட்கார்ந்து அப்படி ஒரு தலைப்பின் கீழ் எழுதியிருக்கிறார் என்பதை இன்றும் என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

கலிபோர்னியாவில் சிக்கல் வேறொரு சொல்லில் இருந்தது. மாவட்டப் பள்ளி ஒரு பிள்ளையை வெளியேற்ற வேண்டுமென்றால் நோட்டீஸ், விசாரணை, மேல்முறையீடு எல்லாம் உண்டு. சார்ட்டர் பள்ளிக்கு விதிவிலக்கு இருப்பதால் அந்த நடைமுறை அதைக் கட்டாது என்று 2013இல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. அதன்படி சார்ட்டர் பள்ளி பிள்ளையை 'நீக்குவது' வேறு, மாவட்டப் பள்ளி 'வெளியேற்றுவது' வேறு. வெளியேற்றப்பட்ட மாணவனுக்கு மற்ற பள்ளிகளின் கதவும் அடைபடலாம், நீக்கப்பட்டவனோ தன் மாவட்டப் பள்ளிக்குத் திரும்பலாம், ஆகவே முழு விசாரணை தேவையில்லை என்பது அதன் தர்க்கம். சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் நண்பர்களையும் ஆசிரியரையும் விட்டுப் பாதி ஆண்டில் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான்.

2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஏபி 1360 அந்த ஓட்டையை அடைத்தது. நீக்கம், மாற்றம், பெயர் எடுத்தல் என்று எந்தப் பெயரில் செய்தாலும், பெற்றோர் விருப்பமின்றி ஒரு பிள்ளையை அனுப்புவதற்குக் குறைந்தது ஐந்து பள்ளி நாள் முன்பு எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். அது பிள்ளையின் அல்லது பெற்றோரின் தாய்மொழியில் இருக்க வேண்டும். தமிழ் பேசும் வீடென்றால் தமிழில். விசாரணை கேட்கும் உரிமை அந்த நோட்டீஸிலேயே சொல்லப்பட்டிருக்க வேண்டும். பெற்றோர் கேட்டுவிட்டால், முடிவு வரும்வரை பிள்ளை அதே வகுப்பில் உட்காரலாம்.

இப்படி எழுத்தில் கொடுத்து அனுப்புவதைச் சட்டம் நெறிப்படுத்தியதும் மிஞ்சுவது எது? எழுத்தில் கொடுக்காமல் அனுப்புவது. 'வேறு பள்ளி அவனுக்கு நல்லது', 'எங்களிடம் அந்த வசதி இல்லை', 'அடுத்த ஆண்டும் இதே வகுப்பில்தான் வைப்போம், யோசித்துக்கொள்ளுங்கள்'. பெற்றோரே படிவத்தில் கையெழுத்திட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். பதிவேட்டில் 'பெற்றோர் விருப்பத்தின் பேரில் மாற்றம்' என்று இருக்கும். எஸ்பி 75 தடுப்பது இதைத்தான். மதிப்பெண்ணையோ வேறு எந்தக் காரணத்தையோ சொல்லி, படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையை விலகவோ வேறு பள்ளிக்கு மாறவோ பள்ளி ஊக்குவிக்கக் கூடாது. இந்த விதியை விளக்கும் அறிவிப்பைப் பள்ளி தன் இணையதளத்தில் போட வேண்டும். யாராவது சேர்க்கை பற்றி விசாரிக்கும்போதும், குலுக்கலுக்கு முன்பும், ஒரு பிள்ளையின் பெயரை எடுப்பதற்கு முன்பும் அதைப் பெற்றோர் கையில் கொடுக்க வேண்டும். மீறினால் புகார், பட்டயம் வழங்கிய அமைப்பிடம் போகும். நம்மவர்கள் பலர் பள்ளி முதல்வரிடமே முறையிட்டுவிட்டு முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அங்கே போய்ச் சேரும் கடிதத்துக்குத்தான் எடை.

பள்ளிகள் பக்கத்திலிருந்தும் ஒன்றைச் சொல்ல வேண்டும். எல்லா மாற்றமும் தள்ளிவிடுதல் இல்லை. வாடகை ஏறி வீடு மாறுகிறார்கள், வேலை மாறுகிறது, பிள்ளைக்கே பிடிக்காமல் போகிறது. ஒரு பிள்ளைக்கு உண்மையாகவே வேறு இடம் நல்லது என்று நம்பும் ஆசிரியர் வாயைக் கட்டிப்போட்டது போல உணரலாம். அதற்கும் நேர்வழி உண்டு: சிறப்புக் கல்வித் தேவை என்றால், பெற்றோரும் அமர்ந்திருக்கும் ஐஇபி கூட்டத்தில் எழுத்துபூர்வமாகப் பேசலாம். தடுக்கப்பட்டிருப்பது வாசற்படியில் நின்று காதோடு சொல்லும் யோசனை.

யார் போனார்கள் என்று எண்ணுவது

ஒரு பள்ளி பிள்ளைகளைத் தள்ளுகிறதா என்பதை ஒரு தனிச் சம்பவத்தை வைத்துச் சொல்வது கடினம். எண்ணிக்கையில்தான் அது தெரியும். 2019இல் வந்த ஏபி 1505 என்ற சட்டம் அந்த எண்ணிக்கையைப் புதுப்பித்தல் மேசைக்குக் கொண்டுவந்தது. ஆண்டின் தொடக்கத்தில் சேர்ந்து, ஆண்டு முடிவில் இல்லாமல் போனவர்கள் எத்தனை விழுக்காடு? போன ஆண்டு இருந்து, அக்டோபர் முதல் புதன்கிழமையின் கணக்கெடுப்பு நாளில் காணாமல் போனவர்கள் எத்தனை? அப்படிப் போனவர்களின் முந்தைய தேர்வு முடிவு சராசரி என்ன? பட்டயம் வழங்கும் அமைப்பு கேட்டால் மாநிலக் கல்வித் துறை இந்த விவரங்களைத் தர வேண்டும். போனவர்கள் எல்லாம் குறைந்த மதிப்பெண் பெற்றவர்களாகவே இருந்தால் கதை தானே தெரிந்துவிடும். 'சேர விரும்பும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்தப் பள்ளி இடம் தரவில்லை' என்ற காரணத்துக்காகவே பட்டயத்தைப் புதுப்பிக்க மறுக்கவும் இன்று வழியுண்டு. எல்லா விதிகளிலும் இது ஒன்றே பள்ளியின் உயிர்நாடியில் கை வைக்கிறது.

தனிப் பிள்ளை தொலைந்துபோகாமல் இருக்க ஒரு சின்ன விதி வேறு இருக்கிறது. ஆண்டு முடியும் முன் எந்தக் காரணத்துக்காகப் பிள்ளை விலகினாலும், கடைசியாகத் தெரிந்த முகவரி எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அந்த மாவட்டக் கல்விக் கண்காணிப்பாளருக்குச் சார்ட்டர் பள்ளி 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். கேட்டால் பதிவேடுகளையும் அனுப்ப வேண்டும். நம் ஊர் டி.சி. போல ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த பள்ளியின் வாசலில் நிற்கும் வழக்கம் இங்கே இல்லை. பதிவேடு பள்ளியிலிருந்து பள்ளிக்குப் போகும், அது வர நேரமானாலும் பிள்ளை வகுப்பில் உட்காரலாம்.

காலி இடம்

ஒரு பிள்ளை நவம்பரில் போய்விட்டால் அந்த நாற்காலி என்ன ஆகும்? காத்திருப்புப் பட்டியலில் அடுத்தவரைக் கூப்பிட வேண்டுமா? இதை விவாதிப்பவர்கள் பொதுவாகக் குறைவு, பெற்றோர் கேட்பதும் குறைவு. சில பள்ளிகள் ஒரு குறிப்பிட்ட வகுப்பைத் தாண்டினால் புதிதாக யாரையும் சேர்ப்பதில்லை. நடுவில் வருபவர் பின்தங்கியிருப்பார், வகுப்பின் ஓட்டம் கெடும் என்பார்கள். விளைவு, ஆண்டுக்கு ஆண்டு வகுப்பு சுருங்கிக்கொண்டே போகும், கடைசி வரை தாக்குப்பிடித்தவர்கள் மட்டும் தேர்வு எழுதுவார்கள், சராசரி மின்னும். பக்கத்து மாவட்டப் பள்ளியோ பிப்ரவரியிலும் புதுப் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டிருக்கும்.

மாசசூசெட்ஸ் 2010இல் இதற்கு ஒரு கோடு கிழித்தது. பள்ளியில் உள்ள வகுப்புகளின் முதல் பாதியில், காலியாகும் இடத்தை பிப்ரவரி 15 வரை காத்திருப்போரைக் கொண்டு நிரப்ப வேண்டும். பின்பாதி வகுப்புகளுக்கு விலக்கு. பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பாதியும் பெரிதாகத் தெரிகிறது. நடுவில் வீடு மாறுபவர்கள் பெரும்பாலும் வாடகைக்குத் தவிப்பவர்கள். குலுக்கல் நடந்த வசந்தத்தில் அவர்கள் வேறு ஊரில் இருந்திருப்பார்கள்.

பணம் எந்தத் தேதியில் எண்ணப்படுகிறது என்பதும் பிள்ளையின் நடமாட்டத்தைத் தீர்மானிக்கிறது. மிஷிகனில் நிதிக்கான கணக்கில் பெரும்பங்கு, அக்டோபர் மாதத்தின் ஒரு கணக்கெடுப்பு நாளில் எத்தனை பிள்ளைகள் இருந்தார்கள் என்பதைப் பொறுத்தது. நவம்பரில் பிள்ளை போனால் பணத்தின் பெரும்பகுதி பழைய பள்ளியிலேயே நின்றுவிடும், பிள்ளை மட்டும் புதிய பள்ளிக்கு வரும். கலிபோர்னியாவில் சராசரி நாள் வருகைதான் கணக்கு. பிள்ளை வராத நாளுக்குப் பணம் குறையும். ஆகவே கலிபோர்னியாவில் பிள்ளையைத் துரத்துவதால் நிதியில் லாபம் குறைவு, தேர்வுச் சராசரியில்தான் லாபம்.

ஆனால் வருகைக் கணக்கையும் ஏமாற்ற முடிந்தது. 2019 மே மாதம் சான் டியேகோ அரசு வழக்கறிஞர்கள், வகுப்பறை இல்லாத இணையவழிச் சார்ட்டர் பள்ளிகளின் கூட்டம் ஒன்றை நடத்தியவர்கள் உட்பட 11 பேர் மீது வழக்குப் போட்டார்கள். பேசப்பட்ட தொகை 40 கோடி டாலர். கோடை விளையாட்டுப் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளின் பெயரைப் பள்ளி மாணவராகப் பதிந்து பணம் வாங்கியது குற்றச்சாட்டின் ஒரு பகுதி. பள்ளி என்று ஒன்றைப் பார்த்திராத பிள்ளைக்கு அந்தப் பள்ளியில் வருகைப் பதிவு. அதன் பின் கலிபோர்னியா வகுப்பறையில்லாத புதிய சார்ட்டர் பள்ளிகளுக்கு அனுமதி தருவதையே நிறுத்தி வைத்தது.

எல்லா மாற்றங்களிலும் மோசமானது பள்ளியே மூடுவது. ஒகையோவில் எலக்ட்ரானிக் கிளாஸ்ரூம் ஆஃப் டுமாரோ என்ற இணையவழிப் பள்ளி, 15,000க்கு மேற்பட்ட மாணவர்களுக்குப் பணம் பெற்றிருந்தது. மாநிலம் சரிபார்த்தபோது சுமார் 6,300 பேருக்குத்தான் ஆதாரம் இருந்தது. கோடிக்கணக்கில் திருப்பிக் கட்டச் சொன்னார்கள். 2018 ஜனவரியில் பள்ளி மூடியது. கல்வி ஆண்டின் நடுவில் ஏறத்தாழ 12,000 பிள்ளைகள் ஒரே நாளில் வேறு பள்ளி தேட வேண்டியதாயிற்று. உங்கள் பிள்ளை படிக்கும் சார்ட்டரின் பட்டயம் எந்த ஆண்டில் முடிகிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அது பொது ஆவணம். மூடினாலும், பிடிக்காமல் விலகினாலும், உங்கள் முகவரிக்குரிய மாவட்டம் பிள்ளையை எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் தெருமுனைப் பள்ளியிலேயே இடம் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. இடமுள்ள வேறு பள்ளிக்கு அனுப்பலாம்.

சான் ஹோசே பெண்ணுக்கு நான் சொன்னது இரண்டு விஷயம்தான். எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடாதே. அன்றைக்குப் பேசியதை நீயே மின்னஞ்சலில் எழுதி அனுப்பு: 'இன்ன தேதியில் இன்னார், பையனை வேறு பள்ளிக்கு மாற்றுவது நல்லது என்று சொன்னீர்கள், நாங்கள் மாற்ற விரும்பவில்லை, அவனுக்குச் சிறப்புக் கல்வி மதிப்பீடு செய்ய வேண்டுமென்று எழுத்தில் கேட்டுக்கொள்கிறோம்.' கூடவே, எஸ்பி 75 அறிவிப்பின் பிரதியை அனுப்பச் சொல் என்றேன். அவள் கணவர் முதலில் தயங்கினார். "சண்டை போடற மாதிரி ஆயிடுமே" என்றார். இது சண்டை இல்லை தம்பி, பள்ளியின் ஒப்பந்தத்தில் ஏற்கெனவே இருக்கிற வரி என்றேன்.

அறிவிப்பின் பிரதி இரண்டு நாளில் வந்தது. மதிப்பீட்டுக்குத் தேதியும் வந்தது.